லினக்ஸ் கிராஷ் ஆனால் தடயம் எங்கே கிடைக்கும்?

லினக்ஸ் கிராஷ் ஆகவே ஆகாது என்று சொல்லித்தான் பலர் அதனைப் புதியவர்களுக்கு இன்ஸ்டால் செய்து தருகிறார்கள். அபூர்வம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஆகவே ஆகாது என்பது சரியல்ல. விண்டோஸில் நீலத் திரை வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2025ல் விண்டோஸ் 11ல் அது கருப்புத் திரையாக மாற்றப்பட்டது. லினக்ஸிலும் அதற்கு இணையான ஒன்று உண்டு. அதன் பெயர் கெர்னல் பேனிக். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும். மவுஸ் பாயின்டர் அசையாது. பல லேப்டாப்களிலும் பழைய உருண்டை பின் கீபோர்டுகளிலும் கேப்ஸ் லாக் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். யுஎஸ்பி கீபோர்டு என்றால் அந்த அடையாளமும் கிடைக்காது.

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. மெமரி, ஹார்ட் டிஸ்க், வைஃபை, கிராபிக்ஸ் கார்டு என அனைத்தையும் கட்டுப்படுத்துவது அதுதான். தன் கணக்கில் சரி செய்ய முடியாத தவறு ஒன்று நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால், கெர்னல் வேண்டுமென்றே நின்றுவிடும். தொடர்ந்து ஓடினால் ஹார்ட் டிஸ்க்கில் தப்பான தகவலை எழுதி உங்கள் பைல்களைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். நாம் என்ன செய்கிறோம்? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, மறுபடி ஆன் செய்கிறோம். அத்துடன் ராம் மெமரியில் இருந்த அனைத்தும் போய்விடும். எந்த டிரைவர் விழுந்தது, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்ற தடயமும் அதில்தான் இருந்தது.

இந்தத் தடயத்தைக் காப்பாற்றி ஒரு பைலாக எழுதி வைப்பதுதான் கிராஷ் டம்ப். விண்டோஸில் இதற்கான பைல் வழக்கமாக விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும். லினக்ஸில் எங்கே என்று கேட்டால், நீங்கள் எந்த லினக்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியுள்ளது. உபுண்டுவா, பெடோராவா, ஓப்பன் சூசேயா என்பதைப் பொறுத்து விடை மாறும். கெர்னல் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

விழுந்தவரே எழுதும் வாக்குமூலம்

சற்றுப் பழைய கதையைப் பார்த்துவிடலாம். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில் லினக்ஸில் டம்ப் எடுக்கப் பொது வழி ஏதும் இல்லை. எஸ்ஜிஐ நிறுவனத்தில் தொடங்கிய எல்கேசிடி என்ற திட்டத்தை சூசே பயன்படுத்தியது. ரெட் ஹாட் தன் பங்குக்கு நெட்டம்ப், பின்னர் டிஸ்க்டம்ப் என்று வேறு இரண்டைத் தந்தது. ஒன்று நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு மெமரியை அனுப்பும். மற்றது டிஸ்க்கில் எழுதும். பைலின் வடிவமும் ஒன்றுக்கொன்று வேறு.

இவை அனைத்திலும் ஒரு பொதுவான பலவீனம் இருந்தது. டம்ப் எழுதும் வேலையை, விழுந்துவிட்ட அதே கெர்னல்தான் செய்தாக வேண்டும். மயங்கி விழுந்த ஆளிடமே பேனாவைக் கொடுத்து வாக்குமூலம் எழுதச் சொல்வது போலத்தான் இது. டிஸ்க் டிரைவரிலேயே பிழை என்றால் டம்ப் வராது.

2005 ஆகஸ்டில் வந்த 2.6.13 கெர்னலில் இதற்கு ஒரு நல்ல தீர்வு சேர்க்கப்பட்டது. எரிக் பீடர்மேன் உருவாக்கிய கேஎக்ஸெக் என்ற வசதி, பயாஸுக்குப் போகாமல் ஒரு கெர்னலிலிருந்து நேரே இன்னொரு கெர்னலுக்குத் தாவ உதவுகிறது. அதன் மேல் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா முதலிய ஐபிஎம் பொறியாளர்கள் கட்டியதுதான் கேடம்ப்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி

கேடம்ப் வேலை செய்யும் விதம் எளிதானது. கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே மெமரியில் ஒரு பகுதி தனியே ஒதுக்கப்படுகிறது. அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று ஏற்றி வைக்கப்படுகிறது. காரின் டிக்கியில் ஸ்டெப்னி டயர் கிடப்பது போல அது சும்மா கிடக்கும். முதல் கெர்னல் பேனிக் ஆனவுடன், கட்டுப்பாடு இந்த இரண்டாவது கெர்னலுக்குத் தாவும். இது அந்த ஒதுக்கப்பட்ட சிறு பகுதிக்குள்ளேயே இயங்குவதால் முதல் கெர்னலின் மெமரி கலையாமல் அப்படியே இருக்கும். அதனைப் படித்து, டிஸ்க்கில் ஒரு பைலாக எழுதிவிட்டு, கம்ப்யூட்டரை வழக்கம் போல ரீபூட் செய்துவிடும்.

ஸ்டெப்னி இடத்தை அடைப்பது போல இதுவும் இடத்தை அடைக்கும். 8 ஜிபி ராம் போட்டிருக்கிறேன், சிஸ்டம் குறைவாகக் காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. கேடம்ப் இயங்கும் கம்ப்யூட்டரில் பொதுவாக 200 முதல் 500 எம்பி வரை இப்படி ஒதுங்கிவிடும். கடைக்காரர் மீது பழி இல்லை. கிராபிக்ஸும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பது தனிக் கதை.

8 ஜிபி மெமரியையும் அப்படியே எழுதினால் பைலும் 8 ஜிபி வரும். அதனால் மேக்டம்ப்பைல் என்ற புரோகிராம் நடுவில் வருகிறது. ஜப்பானின் என்இசி நிறுவனத்தில் உருவானது. மெமரியை அது பக்கம் பக்கமாகப் பார்த்து, தேவையற்றதை விட்டுவிடும். வெறும் பூஜ்யம் நிரம்பிய பக்கங்களுக்கு எண் 1. டிஸ்க்கிலிருந்து படித்து வைத்த கேஷ் பக்கங்களில் இரு வகை, அவற்றுக்கு 2, 4. நீங்கள் இயக்கும் புரோகிராம்களின் டேட்டாவுக்கு 8. காலிப் பக்கங்களுக்கு 16. எவற்றை விட வேண்டுமோ அவற்றின் எண்களைக் கூட்டித் தர வேண்டும். ஐந்தையும் விட்டுவிடு என்றால் 31. முக்கிய டிஸ்ட்ரோக்கள் தரும் செட்டிங்ஸில் இந்த 31ஐத்தான் காண்பீர்கள். மீதியையும் சுருக்கி எழுதுவதால் வீட்டு கம்ப்யூட்டரில் டம்ப் பைல் சில நூறு எம்பியில் முடிந்துவிடும்.

இதுவரை சொன்னது எந்த லினக்ஸுக்கும் பொருந்தும். கெர்னல் பகுதி பொது. மேக்டம்ப்பைல் பொது. டம்ப்பைத் திறந்து பார்க்கும் கிராஷ் என்ற புரோகிராமும் பொதுதான். ரெட் ஹாட்டைச் சேர்ந்த டேவ் ஆண்டர்சன் பல ஆண்டுகள் அதனைப் பராமரித்து வந்தார். பழைய எல்கேசிடி, நெட்டம்ப் பைல்களைக் கூட அது படிக்கும். சிக்கல் இவற்றுக்கு இடையில் இருக்கிறது. மெமரியை ஒதுக்கச் சொல்வது யார், இரண்டாவது கெர்னலை ஏற்றுவது யார், பைலை எங்கே, என்ன பெயரில் வைப்பது? இந்த ஒட்டு வேலையை ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது. ஸ்டெப்னி ஒன்றுதான், ஜாக்கியும் ஸ்பேனரும் வண்டிக்கு வண்டி வேறு.

ஒரே பெயர், வேறு சரக்கு

கரூரில் என் மாமா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். டிடிபி வேலையும் உண்டு. கடை கம்ப்யூட்டரில் உபுண்டு. நாலைந்து நாட்களுக்கு ஒரு முறை உறைந்து நின்றது. கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருக்கும்போது நின்றால் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார்; சேவ் செய்யாத பக்கம் போய்விட்டது. யாரோ கேடம்ப் பற்றிச் சொல்ல, ஒரு புத்தகத்தைப் பார்த்து அதில் உள்ளபடியே செய்தார். கேஎக்ஸெக்-டூல்ஸ் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்தார். பூட் செட்டிங்ஸில் கிராஷ்கெர்னல் என்ற இடத்தில் ஆட்டோ என்று எழுதினார். இரண்டுமே திரையில் எந்த எரர் மெசேஜும் தராமல் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒரு மாதம் நிம்மதியாக இருந்தார். அடுத்த முறை கம்ப்யூட்டர் விழுந்தபோது, டம்ப் இருக்க வேண்டிய போல்டர் காலி.

அவர் படித்தது ரெட் ஹாட் லினக்ஸுக்கான புத்தகம். அதில் எழுதியிருந்தது எதுவும் தவறில்லை. ரெட் ஹாட்டில் பல ஆண்டுகள் கேஎக்ஸெக்-டூல்ஸ் என்ற பேக்கேஜுக்குள்ளேயே கேடம்ப் சர்வீஸும் சேர்ந்து வந்தது. டெபியன், உபுண்டுவில் அதே பெயருள்ள பேக்கேஜில் கேஎக்ஸெக் மட்டும்தான் இருக்கிறது. கேடம்ப் வேண்டும் என்றால் கேடம்ப்-டூல்ஸ் என்ற இன்னொரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்திட வேண்டும். ஆட்டோ என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. மெமரி அளவை நீயே முடிவு செய்துகொள் என்ற பொருளில் ரெட் ஹாட் தன் கெர்னலில் மட்டும் சேர்த்துக்கொண்டது அது. பொதுவான லினக்ஸ் கெர்னலுக்கு அந்தச் சொல் தெரியாது. அங்கே எம்பியில் அளவு எழுத வேண்டும். ஆட்டோ என்று எழுதினால் பூட் மெசேஜ்களுக்கு நடுவில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, எதையும் ஒதுக்காமல் நகர்ந்துவிடும். ரெட் ஹாட்டே கூட தன் 9 ஆம் பதிப்பில் இதனை எடுத்துவிட்டது.

டிக்கியில் ஸ்டெப்னி இருப்பதாக நம்பி நெடுஞ்சாலையில் போவது, இல்லை என்று தெரிந்து போவதைவிட மோசம். கேடம்ப் விஷயத்தில் எனக்குப் பிடிக்காத அம்சம் இதுதான். சரியாக அமையாவிட்டால் விழும் நாள் வரை அது வாய் திறப்பதில்லை.

செட்டிங்ஸ் பைலும் இடத்துக்கு இடம் மாறும். ரெட் ஹாட், பெடோராவில் இடிசி போல்டரிலேயே கேடம்ப் டாட் கான்ஃப் என்று இருக்கும். டெபியன் குடும்பத்தில் அதே இடிசிக்குள் டிஃபால்ட் என்ற போல்டரில் தேட வேண்டும். சூசேயில் சிஸ்கான்பிக் போல்டர். டம்ப் விழும் இடம் மட்டும் மூன்றிலும் வார் போல்டருக்குள் உள்ள கிராஷ் என்பதுதான். அதற்குள் வைக்கும் பெயர்கள் மறுபடி வேறு. ஓப்பன் சூசே லீப் 15 வரிசை வைத்திருப்பவர்களுக்கு யாஸ்ட்டில் டிக் செய்தே அமைக்கும் வசதி இருந்தது. புதியவர்களுக்கு அதுவே மிக எளிது. உபுண்டு 2024 அக்டோபரில் வந்த 24.10 பதிப்பிலிருந்து, போதிய மெமரியும் டிஸ்க் இடமும் உள்ள கம்ப்யூட்டர்களில் கேடம்ப்பைத் தானாகவே இயக்கி வைக்கிறது. வீட்டுப் பயனாளர்களுக்கு இது நல்ல செய்தி.

அங்கே எடுத்ததை இங்கே படிக்கலாமா?

படிக்கலாம். மாமாவின் கம்ப்யூட்டரில் சரியான பேக்கேஜை இன்ஸ்டால் செய்து வைத்த பின், பதினோராம் நாள் ஒரு டம்ப் சிக்கியது. பென் டிரைவில் வாங்கி வந்து, பெடோரா ஓடும் என் லேப்டாப்பில்தான் திறந்தேன். பைல் வடிவம் பொது என்பதால் உபுண்டுவில் எடுத்தது, பெடோராவில் படிப்பது என்ற வேறுபாடு தடையே இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. டம்ப் எடுத்த கம்ப்யூட்டரில் ஓடிய அதே கெர்னலின், அதே பில்டின் டீபக் பைல் வேண்டும். மெமரியில் இருப்பது வெறும் எண்கள். இந்த எண் எந்த பங்ஷன், அந்த எண் எந்த டிரைவரின் டேட்டா என்று சொல்லும் அகராதிதான் டீபக் பைல். ஒரு அப்டேட் முன்பின் ஆனாலும் அகராதி பொருந்தாது. இதனையும் டிஸ்ட்ரோக்கள் தனித்தனி இடங்களில் வைத்திருக்கின்றன. உபுண்டுவில் சாதாரணமாக இயங்கும் சாப்ட்வேர் பட்டியலில் அது வராது. தனியாக ஓர் இடத்தைச் சேர்க்க வேண்டும். அளவும் ஒரு ஜிபியை நெருங்கும். அதனால் டம்ப் கிடைத்த உடனேயே கெர்னலின் முழு வெர்ஷன் எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் அப்டேட் ஆகிவிட்டால் எந்தக் கெர்னல் என்று தேடித் திண்டாட வேண்டிவரும்.

மாமாவின் டம்ப்பில் குற்றவாளி வைஃபை டிரைவர். விட்டுவிட்ட மெமரியை மறுபடி தொட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க டம்ப் முழுவதும் கூடத் தேவைப்படவில்லை. கேடம்ப் தனியாக எழுதி வைக்கும் சிறு டெக்ஸ்ட் பைலில் கெர்னலின் கடைசி மெசேஜ்கள் இருக்கும். அதன் இறுதி நாற்பது வரிகளில் டிரைவரின் பெயர் வந்திருந்தது. யுஎஸ்பி வைஃபை ஒன்றை மாற்றிப் போட்டதில் கடை ஓடியது. முழு டம்ப் உதவியது வேறு இடத்தில்: டிரைவரைப் பராமரிப்பவர்கள் அந்த நேரத்தில் ஒரு குறிப்பிட்ட மாறியின் மதிப்பு என்ன என்று கேட்டபோது, மறுபடி விழும் வரை காத்திருக்காமல் பார்த்துச் சொல்ல முடிந்தது.

எல்லோரும் ஒன்றையே பயன்படுத்தினால் என்ன?

நியாயமான கேள்வி. இரண்டாவது கெர்னல் எழுந்ததும் அதற்கு ஒரு குட்டி பைல் சிஸ்டம் வேண்டும். டிஸ்க் டிரைவர், மேக்டம்ப்பைல் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் குட்டி சிஸ்டத்தைத் தயாரிக்க ரெட் ஹாட்டும் சூசேயும் டிராகட் என்ற கருவியை வைத்திருக்கின்றன. டெபியன் நெடுங்காலமாக வேறு ஒன்றைப் பயன்படுத்தி வருகிறது. ஆர்ச் லினக்ஸுக்கு இன்னொன்று. பொதுவான கேடம்ப் கருவி செய்ய நினைப்பவர் முதலில் இந்த மூன்றுடனும் ஒத்துப்போக வேண்டும். அதோடு, ரெட் ஹாட்டும் சூசேயும் நினைப்பது பெரிய சர்வர்களை. டம்ப்பை நெட்வொர்க் வழியாக வேறு சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள் அவர்கள். வீட்டில் நமக்கு அது தேவையே இல்லை.

என்கிரிப்ட் செய்த டிஸ்க் இன்னொரு தலைவலி. லினக்ஸின் லக்ஸ் 2 முறையில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கவே 1 ஜிபி வரை மெமரி கேட்கும். திருடர்கள் வேகமாக முயற்சி செய்யக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்தது. இரண்டாவது கெர்னலிடம் இருப்பதோ சில நூறு எம்பி. அதனால் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்தவர்களுக்கு, தனிப் பார்ட்டிஷன் போன்ற ஏற்பாடு செய்யாமல் கேடம்ப் சரிப்படாது.

ஒரே கருவி என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, பெயர்களையாவது ஒன்றாக்கலாம் என்பது என் கருத்து. செட்டிங்ஸ் பைல் ஒரே இடம், ஒரே பேக்கேஜ் பெயர், மெமரி ஒதுங்காவிட்டால் திரையில் ஓர் எச்சரிக்கை. மாமா மாதிரி ஆட்களுக்கு இது போதும். உள்ளே எதைக் கொண்டு செய்கிறார்கள் என்பது யாருக்கும் தேவையில்லை.

வீட்டு கம்ப்யூட்டருக்குச் சிறிய வழி

பொதுக் கருவி சாத்தியம் என்பதற்கு ஓர் உதாரணமும் இருக்கிறது. பிஸ்டோர் என்ற வசதி கெர்னலிலேயே உண்டு. விழும் நேரத்தில் கடைசி மெசேஜ்களை மட்டும் மதர்போர்டின் யுஇஎஃப்ஐ சேமிப்பிடத்தில் எழுதிவிடும். மெமரி ஒதுக்க வேண்டாம், இரண்டாவது கெர்னல் வேண்டாம். அடுத்த முறை பூட் ஆகும்போது சிஸ்டம்டி-பிஸ்டோர் என்ற சர்வீஸ் அதனை எடுத்து, வார், லிப், சிஸ்டம்டி, பிஸ்டோர் என்று வரிசையாகப் போகும் போல்டரில் வைத்துவிடும். 2019ல் சிஸ்டம்டியில் சேர்ந்தது. சிஸ்டம்டி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஒரே பெயர், ஒரே போல்டர். 2022ல் வந்த ஸ்டீம் டெக் விளையாட்டு சாதனத்தின் லினக்ஸுக்காக இகாலியா நிறுவனப் பொறியாளர் எழுதிய கேடம்ப்எஸ்டி என்ற கருவியும் முதலில் பிஸ்டோரைத்தான் பயன்படுத்துகிறது. முழு டம்ப் வேண்டுமென்றால் மட்டும் கேடம்ப்புக்கு மாறலாம். ஆர்ச் வைத்திருப்பவர்கள் இதனைப் பார்க்கலாம்.

சில டிஸ்ட்ரோக்களில் யுஇஎஃப்ஐயில் எழுதும் வசதி முடக்கி வைக்கப்பட்டிருக்கும். பயத்துக்குக் காரணம் உண்டு. 2013ல் சில லேப்டாப்களில் யுஇஎஃப்ஐ சேமிப்பிடம் நிரம்பி, அவை பூட் ஆகாமலேயே போயின.

நீங்கள் கேடம்ப்பைத் தேர்ந்தெடுத்தால், அமைத்த அன்றே சோதித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் சேவ் செய்து, புரோகிராம்களை மூடிவிடுங்கள். புரோக் போல்டரில் உள்ள சிஸ்ஆர்கியூ-டிரிகர் என்ற பைலுக்கு, ரூட் யூசராக ஆங்கிலச் சிறிய எழுத்து சி ஒன்றை அனுப்பினால் கெர்னல் உடனே விழும். சில நிமிடங்களில் தானே ரீபூட் ஆகி, கிராஷ் போல்டரில் பைல் இருந்தால் வேலை முடிந்தது. ரீபூட் ஆகாமல் நின்றாலோ, போல்டர் காலியாக இருந்தாலோ, முதலில் உங்கள் டிஸ்ட்ரோவுக்கான பேக்கேஜ்தானா என்று பாருங்கள். அடுத்து ஒதுக்கிய மெமரி போதுமா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். டெபியன், உபுண்டு, பெடோரா மூன்றிலும் இந்தச் சோதனை ஒரே மாதிரி வேலை செய்யும். பெரிய கெர்னல் அப்டேட் வந்த பிறகும் ஒரு முறை செய்து பாருங்கள்.

கம்ப்யூட்டர் உறைந்து நிற்பதெல்லாம் பேனிக் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். கிராபிக்ஸ் மட்டும் சிக்கிக்கொண்டு கெர்னல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் பழுதாகி மின்சாரமே விட்டு விட்டு வரலாம். இவற்றுக்கு டம்ப் விழாது.

டம்ப்பை யாருக்காவது அனுப்பும் முன் யோசியுங்கள். 31 என்ற அளவில் எடுத்தால் உங்கள் புரோகிராம்களின் டேட்டா நீங்கிவிடும். ஆனாலும் கெர்னல் வைத்திருக்கும் பைல் பெயர்கள், நெட்வொர்க் விவரங்கள், என்கிரிப்ஷன் சாவிகள் அதில் எஞ்சியிருக்கலாம். முன்பின் தெரியாதவர் கேட்டால் டெக்ஸ்ட் மெசேஜ் பைலை மட்டும் அனுப்பினால் போதும். அதையும் ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். வேலை முடிந்த டம்ப்களை அவ்வப்போது அழித்துவிடவும். மாமாவின் கடையில் வார் போல்டர் தனிப் பார்ட்டிஷன், 10 ஜிபிதான். அது நிரம்பிப் போனால் பிரிண்டர் கியூ கூட வேலை செய்யாது.